இதை எழுதியது யார்?

இணையத்தில் கதை எழுதுவோருக்கும் படிப்போருக்கும் இடையே பெரும்பாலும் பணம் கைமாறுவதில்லை. ஒருவர் இரவு நெடுநேரம் கண்விழித்து ஓர் அத்தியாயத்தை எழுதிப் பதிவேற்றுகிறார். உலகின் வேறொரு மூலையில் இருப்பவர் பேருந்தில் அமர்ந்தபடி அதைத் திறன்பேசியில் படித்துவிட்டு, ‘அடுத்த பகுதி எப்போது வரும்?’ என்று இரண்டு வரிப் பின்னூட்டம் இடுகிறார். எழுதியவருக்குக் கிடைக்கும் கூலி பல வேளைகளில் அந்த இரண்டு வரிதான். கனடாவின் டொரொண்டோ நகரில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வாட்பேட் தளத்திலும், 2009ஆம் ஆண்டு பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்திலும் பல்லாயிரம் இளையோர் இப்படித்தான் எழுதப் பழகினர். இரண்டாவது தளம் இரசிகர் புனைவுகளுக்கு உரியது. தாம் விரும்பிய நாவல், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றின் கதைமாந்தர்களை வைத்து இரசிகர்களே புதிதாகப் புனையும் கதைகளை இரசிகர் புனைவு என்பர். இதனை விளையாட்டுப் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். அறிவியல் புனைகதை உலகில் பெருமதிப்புப் பெற்ற ஹியூகோ விருது 2019ஆம் ஆண்டு அத்தளத்திற்கு வழங்கப்பட்டது.

இத்தகைய கதைக் குழுக்களில் அண்மைக் காலமாக ஒரு புதுக் கேள்வி நுழைந்துள்ளது. முன்பெல்லாம் ‘இந்தக் கதை நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டவர்கள், இப்போது ‘இதை மனிதர்தான் எழுதினாரா?’ என்று கேட்கிறார்கள்.

இந்த ஐயம் காரணமின்றிப் பிறந்ததன்று. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடி எனும் உரையாடு மென்பொருளை வெளியிட்டது. ஒரு வரியில் கேட்டால் ஒரு முழுக் கதையைச் சில நொடிகளில் அது எழுதித் தந்தது. அதன் விளைவை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் நீல் கிளார்க். ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ எனும் அமெரிக்க அறிவியல் புனைகதை இதழின் ஆசிரியர் அவர். புதியவர், பழையவர் என்று பாராமல் யார் அனுப்பினாலும் படித்துப் பார்க்கும் இதழ் அது. ஏற்றுக்கொண்ட கதைக்குச் சொல் ஒன்றுக்கு 12 அமெரிக்கக் காசு என்று கணக்கிட்டு ஊதியமும் தந்தது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் 20ஆம் நாளுக்குள் வந்து குவிந்த ஏறத்தாழ 1200 கதைகளில் 500 கதைகள் இயந்திரம் எழுதியவை என்று கண்ட கிளார்க், வேறு வழியின்றிக் கதை பெறுவதையே நிறுத்திவிட்டார். ‘எளிதில் பணம் ஈட்டலாம்’ என்று ஆசை காட்டும் காணொளிகளைப் பார்த்தவர்கள்தாம் அவற்றில் பலவற்றை அனுப்பியிருந்தனர். அவர்களுக்கு அவ்விதழும் தெரியாது. அறிவியல் புனைகதையும் தெரியாது. ‘அசிமோவ்ஸ்’ எனும் மற்றோர் இதழின் ஆசிரியருக்குக் ‘கடைசி நம்பிக்கை’ என்று பொருள்படும் ஒரே ஆங்கிலத் தலைப்பிலேயே பல கதைகள் வந்து சேர்ந்தனவாம். மின்னூல் விற்பனையிலும் இதே நிலைதான். ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று நூல்களுக்கு மேல் வெளியிடக்கூடாது என்று அமேசான் நிறுவனம் 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் வரம்பு விதித்தது. நாளொன்றுக்கு மூன்று நூல் எழுதும் மனிதர் எவரையும் நாம் கண்டதில்லை என்பது வேறு செய்தி!

ஆக, கள்ள நாணயம் சந்தைக்கு வந்தது உண்மை. அப்படி வந்துவிட்டால் நல்ல நாணயத்தையும் தட்டிப் பார்த்தே வாங்குவார்கள் அல்லவா? கதைக் குழுக்களிலும் அதுவே நடந்தது. ஆயினும் நாணயத்தைத் தட்டினால் ஓசை வரும். எழுத்தைத் தட்டினால் என்ன வரும்?

வாசகர்கள் தமக்குத் தெரிந்த அடையாளங்களைத் தேடத் தொடங்கினர். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் நடுவே இடப்படும் நீண்ட கோடு அவற்றுள் ஒன்று. ‘நீண்ட கோடு நிறைய இருக்கிறது, ஆகவே இது இயந்திரத்தின் வேலை’ என்று தீர்ப்புச் சொல்பவர்கள் பெருகினர். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கையெழுத்துப் படிகளைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் நகைப்பார்கள். அவர் கவிதைகள் முழுவதும் கோடுகள்தாம். இயந்திரம் அக்கோட்டைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. மனிதர் எழுதிய நூல்களைப் படித்தே கற்றுக்கொண்டது.

சில சொற்களின் மீதும் பழி விழுந்தது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்கத் தொழில்முனைவர் பால் கிரஹாம், தமக்கு வந்த ஒரு மின்னஞ்சலில் ‘டெல்வ்’ எனும் ஆங்கிலச் சொல் இருந்ததையே ஐயத்திற்குரியதாகச் சுட்டிக்காட்டினார். ஆழ்ந்து ஆராய்தல் என்பது அதன் பொருள். உடனே நைஜீரிய நாட்டவர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்கள் பள்ளியில் கற்று நாள்தோறும் புழங்கும் ஆங்கிலத்தில் அது மிகச் சாதாரணச் சொல். ஒரு நாட்டாரின் இயல்பான நடை, வேறொரு நாட்டாரின் காதில் இயந்திரத்தின் குரலாக ஒலித்துவிட்டது.

‘மனிதர் கண் தவறலாம், கண்டறியும் மென்பொருள் தவறாதே’ என்று நீங்கள் கூறக்கூடும். அம்மென்பொருள் எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். ‘நேற்று மழை சோவென்று’ என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், அடுத்து ‘பெய்தது’ அல்லது ‘கொட்டியது’ வரும் என்று உங்களால் ஊகிக்க முடிகிறது. ‘நேற்று மழை சோவென்று அழைத்தது’ என்று எழுதினால் சற்று வியப்பு ஏற்படும். எழுதும் மென்பொருள், அடுத்து வரக்கூடிய சொற்களுள் பொருத்தமானது எது என்று கணித்துக் கணித்தே எழுதுகிறது. எனவே, அதன் எழுத்தில் வியப்பு குறைவாக இருக்கும் என்பது கண்டறியும் மென்பொருளின் எடுகோள். ஊகிக்க எளிதான சொற்களும் ஏறத்தாழ ஒரே நீளமுள்ள வாக்கியங்களும் மிகுந்திருந்தால், ‘இயந்திரம்’ என்று முத்திரை குத்திவிடும்.

இங்கேதான் சிக்கல். ஊகிக்க எளிதாக எழுதுபவர் யார்? இயந்திரம் மட்டுமா? ஒரு மொழியை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தெரிந்த சொற்களைக் கொண்டு, பிழை நேராத வகையில், எளிய வாக்கியங்களை அமைப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. 2023ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் மென்பொருள்களிடம் கொடுத்தனர். மனிதர் கைப்பட எழுதிய அக்கட்டுரைகளை அவை சராசரியாக 61 விழுக்காட்டு அளவிற்கு ‘இயந்திரம் எழுதியவை’ என்று தவறாகக் கூறின. அமெரிக்காவின் எட்டாம் வகுப்பு மாணவர்களுடைய கட்டுரைகளிலோ பெரும்பாலும் தவறு நேரவில்லை. அதே ஆண்டு, 1787ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தையே இயந்திரத்தின் எழுத்து என்று ஒரு மென்பொருள் கூறிய வேடிக்கையும் நடந்தது. உலகெங்கும் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்ட உரை அது. மென்பொருளுக்கு அதில் வியப்பு ஏற்பட வழியில்லை.

இரட்டைக்கிளவியையும் உவமைத்தொடரையும் மனனம் செய்து கட்டுரையில் பொருத்தமாகக் கையாளும் நமக்கு இதில் சிந்திக்க நிறைய இருக்கிறது. பழகிய தொடரைப் பழகிய இடத்தில் வைப்பது மொழியைக் கற்பதின் ஒரு படி. அந்தப் படியில் நிற்பவரைத்தான் இந்த அளவுகோல் முதலில் பிடிக்கிறது.

சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே 2023ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டை மட்டுமே அது சரியாகப் பிடித்ததாகவும், மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டைத் தவறாகப் பிடித்ததாகவும் நிறுவனமே அறிவித்தது. 9 விழுக்காடு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கதைப் போட்டிக்கு 200 கதைகள் வருகின்றன. அவற்றுள் 180 கதைகள் மனிதர் எழுதியவை; 20 கதைகள் இயந்திரம் எழுதியவை என்று கொள்வோம். இருபதில் 26 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 5 கதைகள் பிடிபடும். 15 கதைகள் தப்பிவிடும். நூற்று எண்பதில் 9 விழுக்காடு என்றால் 16 பேர் குற்றமின்றியே பிடிபடுவர். ஆக, கைகாட்டப்பட்ட 21 பேரில் 16 பேர் தாமே எழுதியவர்கள். ஒரு கள்வனைப் பிடிப்பதற்காக மூன்று அப்பாவிகளைக் கூண்டில் ஏற்றும் காவலரை நாம் ஏற்போமா? துல்லியம் போதவில்லை என்று கூறி, அந்நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் அக்கருவியை மீட்டுக்கொண்டது.

ஜொகூரிலோ ஈசூனிலோ வாழும் பதினைந்து வயது மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாயோ ஆங்கிலமோ, நண்பர்களிடம் எல்லாம் கலந்த பேச்சு. ஆங்கிலத்தில் ஒரு தொடர்கதையை ஆறு மாதமாக எழுதி வருகிறாள். ஒருநாள் முன்பின் அறியாத ஒருவர், ‘இயந்திரத்தை எழுதவிட்டுப் பெயர் வாங்குகிறாய்’ என்று பின்னூட்டம் இடுகிறார். அதைப் படித்த மற்றொருவர், ‘எனக்கும் அப்படித்தான் தோன்றியது’ என்கிறார். மஞ்சள் காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்; அதன் பிறகு அவள் எழுதிய பழைய அத்தியாயங்களிலும் ஒவ்வொரு வரியாகக் குறை தேடுவார்கள். அவள் என்ன செய்வாள்? ‘நான் செய்தேன்’ என்பதற்குச் சான்று காட்டலாம். ‘நான் செய்யவில்லை’ என்பதற்கு எதைக் காட்டுவது? குற்றம் சாட்டியவருக்கோ ஒரு நிமிட வேலை. பெயர்கூட வெளியில் தெரியாது. அவளுக்கு இரண்டு வரிக் கூலியும் போய்விடுகிறது. எழுதும் துணிவும் போய்விடுகிறது. என் கருத்தில், தப்பிச் செல்லும் பதினைந்து இயந்திரக் கதைகளைவிட இந்த ஒருத்தியின் இழப்பே பெரிது.

இதில் இன்னொரு முரணும் உண்டு. எழுதும் மென்பொருள்களைப் பயிற்றுவிக்க இணையத்தில் உள்ள எழுத்துகள் பேரளவில் திரட்டப்படுகின்றன. 2025ஆம் ஆண்டு, ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்திலிருந்து ஏறத்தாழ 12.6 மில்லியன் படைப்புகளை ஒருவர் ஒப்புதலின்றி எடுத்து, மென்பொருள் பயிற்சிக்கான தரவுத்தொகுப்பாக வேறொரு தளத்தில் ஏற்றியது தெரியவந்தது. தளத்தை நடத்தும் அமைப்பு முறையிட்ட பின்னர் அத்தொகுப்பு முடக்கப்பட்டது. அதற்கு முன்பே பல எழுத்தாளர்கள், பதிவு செய்த உறுப்பினர்கள் மட்டுமே படிக்கும்படி தம் கதைகளைப் பூட்டி வைத்திருந்தனர். தம் எழுத்தைப் பறிகொடுத்தோமோ என்று அஞ்சியவர்களிடமே, ‘உன் எழுத்து இயந்திரத்தைப் போல் இருக்கிறதே’ என்று கேட்டால் எப்படி இருக்கும்?

எங்கே கோடு கிழிப்பது என்பதிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் ஜப்பானின் அகுதகாவா இலக்கியப் பரிசைப் பெற்ற ரியே குடான், தம் நாவலில் ஏறத்தாழ 5 விழுக்காடு சாட்ஜிபிடி தந்த வரிகள் என்று தாமாகவே கூறினார். கதைக்குள் வரும் ஒரு செயற்கை நுண்ணறிவு அளிக்கும் விடைகளுக்காகவே அவற்றைப் பயன்படுத்தியதாகப் பின்னர் விளக்கினார். சிலர் இதனைக் குறை கூறினர். சிலர் கதைக்குப் பொருந்தும் உத்தி என்றனர். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் குழுவில் கலந்துரையாடலாம்.

எழுதுவோர் சிலர் இப்போது புது வழக்கம் ஒன்றைக் கைக்கொண்டுள்ளனர். முதல் வரைவு, அடித்தல் திருத்தல், கைவிட்ட அத்தியாயங்கள் எல்லாவற்றையும் நாளிட்டுச் சேமித்து வைக்கிறார்கள். இணைய ஆவணங்களில் ஒவ்வொரு திருத்தமும் எந்த நேரத்தில் நிகழ்ந்தது என்ற பதிவு தானாகவே இருக்கும். பழங்காலத்தில் நூலை அரங்கேற்றிய புலவர் அவையோரின் வினாக்களுக்கு விடை கூறியதைப் போல, ஐயம் எழுந்தால் இவற்றைக் காட்டலாம். ஆனால், இணையத்தில் முதல் பத்தியோடு நிறுத்திவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களுக்கு எத்தனை வரைவுகளைக் காட்டினாலும் பயன் குறைவு.

கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழ் என்ன ஆயிற்று? 2023ஆம் ஆண்டு மார்ச் மாதமே அது மீண்டும் கதைகளைப் பெறத் தொடங்கியது. விலைக்குக் கிடைக்கும் கண்டறியும் மென்பொருள்களை நீல் கிளார்க் நம்பவில்லை. குறிப்பிட்ட நாட்டவரின் கதைகளைத் தடுக்கலாம், நுழைவுக் கட்டணம் வாங்கலாம் என்ற யோசனைகளையும் அவர் ஏற்கவில்லை. அவை புதிய எழுத்தாளர்களையும் வசதி குறைந்தவர்களையும் வெளியே தள்ளிவிடும் என்பது அவருடைய கவலை. மாறாக, வேண்டாத மின்னஞ்சலைப் பிரிப்பது போன்ற ஒரு முறையைத் தம் இதழுக்கென அமைத்தார். ஐயத்திற்குரிய கதைகள் அங்கே உடனே தள்ளுபடி செய்யப்படுவதில்லை. அவை வரிசையின் கடைசிக்குச் செல்கின்றன. மற்றவற்றைப் பார்த்து முடித்த பிறகு, அவற்றையும் ஒரு மனிதர் எடுத்துப் பார்க்கிறார்.