வாளிக்குள் போன சதை

வலது மேல் இமையில் எனக்கு வந்தது வெறும் கண்கட்டி என்று வவுனியாவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அக்கா உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடு வைத்தா. பார்மசியில் ஒயின்ட்மென்ட் தந்தார்கள். பிறகு ஒரு தனியார் இடத்தில் கீறிச் சுரண்டினார்கள். நாலு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தது. திரும்பக் கீறினார்கள்.

அந்த இரண்டாம் தடவைதான் இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறது. சுரண்டியதைப் பஞ்சில் வழித்துக் காலடி வாளிக்குள் போட்டார்கள். "உதைச் சோதிக்கக் குடுக்கிறேல்லையோ?" என்றேன். "கண்கட்டியை ஆர் ஐயா சோதிக்கிறது!" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். அதுதான் என் பிழை.

மனுசிதான் கண்டது: கட்டி நின்ற இடத்தில் மட்டும் இமைமயிர் உதிர்ந்து, தடிப்பு மஞ்சள் பாரித்திருந்தது. கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையில் இமையின் முழுத் தடிப்புக்கும் ஒரு துண்டு வெட்டி பயொப்சிக்கு அனுப்பினார்கள். இமைக்குள் எண்ணெய் சுரக்கிற மைபோமியன் சுரப்பியில் புற்றுநோய். மேல் இமையில் அந்தச் சுரப்பிகள் கூட, அதனால் இதுவும் அங்கேதான் கூட வரும். வெள்ளைக்காரருக்கு அபூர்வம், ஆசியாக்காரர் எங்களுக்கு அவ்வளவு அபூர்வமில்லை. இடைவெளி விட்டுத் திட்டுத்திட்டாகப் பரவக்கூடியதென்று, நோயில்லாததுபோல் தெரிந்த இடங்களிலும் பொட்டுப் பொட்டாகக் கிள்ளி எடுத்தார்கள். காதுக்கு முன்னாலும் தாடைக்கு அடியிலும் நெறி கட்டியிருக்கோ என்று தடவிப் பார்த்தார்கள். வெட்டினது, இமையைத் திருத்தித் தைத்தது, மகரகம புற்றுநோய் கிளினிக் எல்லாம் வழமையான அலைச்சல், விடுங்கோ.

ஒரே இடத்தில் கட்டி இரண்டாம் முறை வந்தால், சதை போத்தலுக்குள் போய் உங்கள் பெயர் ஒட்டும்வரை எழும்பாதேங்கோ. புற்றுநோய்ச் சந்தேகத்தைத் துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கோ. கொழுப்புக்குச் சாயம் போட்டுப் பார்ப்பதென்றால் சதை பச்சையாகப் போகவேண்டும், வழமையாகப் பதப்படுத்தினால் கொழுப்பு கரைந்துவிடும். ஒரு கண் மட்டும் மாதக்கணக்காய்ச் சிவந்து, துளிமருந்துக்கும் மாறாவிட்டால் அதையும் சும்மா விடாதேங்கோ. வயல் வெயிலில் நிற்கிறவர்களின் கண்ணில் வளரும் சதையும் எல்லா நேரமும் வெறும் சதையல்ல.

இரவு ரயில் ஏறினால் விடியக் கொழும்பு. வெள்ளவத்தையில் தங்க ஒரு மச்சாள் வீடு உங்களுக்கும் இருக்கும்தானே. அக்கா மட்டும் இன்னும் சொல்கிறா, இந்தியாவுக்குப் போயிருக்கலாமாம். காசு கட்டாமல் கொழும்பில் கண்டுபிடித்ததைச் சொன்னால் காதில் விழாது. தான் வைத்த சூட்டைப் பற்றி மட்டும் கதைக்கவே மாட்டா.