படிவத்தில் ஒரு கட்டம்

வீட்டிலிருந்தே அபாயா தைத்தும் கேக் செய்தும் இணையத்தளம் மூலம் விற்கும் பெண்கள் இன்று நம்மிடையே பலர். ஓடர் படிவத்தில் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கத்தோடு தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் சிலர் கேட்கின்றனர். அது தேவைதானா?

புதிய அட்டையின் 12 இலக்கங்களைப் பாருங்கள். முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். 2007532 எனத் தொடங்கினால், 2007 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த பெண் என்று பொருள். முகவரியும் தொலைபேசி இலக்கமும் அதனோடு சேர்ந்தால், அவள் பெயரில் ஏமாற்ற நினைப்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நெறிகள் எளியவை: நோக்கத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும், தேவையானதை மட்டும் கேட்க வேண்டும், பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும், தேவை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

கேக் அனுப்ப முகவரி வேண்டும். அபாயா தைக்க உடல் அளவு வேண்டும். அதுவும் பிறர் கண்ணில் படக்கூடாத தகவலே. இரண்டுக்கும் அடையாள அட்டை இலக்கம் வேண்டியதில்லை.

பெற்றோரே, படிவத்தை நிரப்புமுன் “இது எதற்கு?” என்று கேளுங்கள். விற்பனை செய்யும் மாணவியரே, அக்கேள்விக்குப் பதில் இல்லாத கட்டத்தை நீக்கிவிடுங்கள்.