எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்பதற்கு முன்னால்

2012 வாக்கில் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்தபோதுதான் தமிழ்நாட்டில் இன்வெர்ட்டர் சாதாரண வீட்டுச் சாமான் ஆனது. அன்று கடைக்குப் போனவர்கள் கேட்டதையே இன்றும் கேட்கிறோம்: ‘எத்தனை மணி நேரம் தாங்கும்?’ கடைக்காரரும் அதற்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார். எங்கே வைக்கப்போகிறோம், எதையெல்லாம் ஓட்டப்போகிறோம், வயரிங்கை யார் செய்யப்போகிறார் என்ற பேச்சே எழுவதில்லை. வீட்டுக்குள் கேடு நுழைவது பெரும்பாலும் பேசாமல் விட்ட இந்த மூன்றின் வழியாகத்தான். பேட்டரியைப் பற்றி நம்மிடையே ஊறிப்போன சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துப் பார்க்கிறேன்.

“பன்னிரண்டு வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?”

உலர்ந்த கையால் தொட்டால் ஷாக் அடிக்காது, அதுவரை சரி. ஆனால் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் ஓர் உலோகத் துண்டு சேர்த்துத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே கணத்தில் பாயும். பெரிய பேட்டரியில் ஆயிரத்தையும் தாண்டும். இடையில் மாட்டிய ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். மோதிரமோ வளையலோ மாட்டினால் சதையோடு சேர்த்துச் சுடும். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியைத் துடைக்க உட்காருமுன் நகைகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். அடியில் இருக்கும் பேட்டரிதான் 12 வோல்ட். மேலே இருக்கும் இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட்டாக்கித்தான் வீட்டுக்குள் அனுப்புகிறது. அது ஈ.பி. கரண்டைப் போலவே உயிரை எடுக்கும்.

“மெயினை அணைத்தாயிற்று, இனிப் பயமில்லை”

நான் இதுவரை கேட்ட நம்பிக்கைகளில் உயிருக்கு மிகவும் ஆபத்தானது இதுதான். மெயின் சுவிட்சை அணைத்தால் ஈ.பி. கரண்ட் நிற்கும். ஈ.பி. கரண்ட் நின்றதும் இன்வெர்ட்டர் என்ன செய்யும்? அதற்காகவே காத்திருந்ததுபோல வேலையைத் தொடங்கும். இன்வெர்ட்டர் லைனில் இருக்கிற பாயின்ட்டுகள் அனைத்திலும் 230 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். மெயினை அணைத்த தைரியத்தில் ஃபேனைக் கழற்றுகிறவர் அந்தக் கம்பியைத்தான் தொடப்போகிறார்.

வெள்ளத்தில் இது இன்னும் கொடியது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்தோம். அப்படி வெள்ளம் சூழும் பகுதிகளில் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். தெருவே இருட்டாக இருக்கிறது, ஆகவே தண்ணீரில் இறங்கலாம் என்று தோன்றும். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இன்வெர்ட்டர் அந்த நேரத்திலும் கீழ்மட்ட பிளக் பாயின்ட்டுகளுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கலாம். தண்ணீர் வாசலுக்கு வருமுன்பே மெயினை அணைத்து, இன்வெர்ட்டரின் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். தண்ணீர் வந்தபிறகு அதன் அருகே போகவே கூடாது. இன்வெர்ட்டரை அணைக்கிற சுவிட்ச் எது என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது; பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, நம் வீட்டுக்கு வெளியே நிற்கும் மனிதரைப் பற்றியது. வர்தா, கஜா போன்ற புயல்களுக்குப் பிறகு நாட்கணக்கில் கரண்ட் வராது. வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து, ஈ.பி. லைனைத் துண்டித்து மாற்றிவிடும் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் வைக்காமல், நேராக வீட்டு போர்டில் கோத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியாகத் தெருவுக்குப் போகிறது. டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு திசையிலும் வேலை செய்யும்: 11,000 வோல்ட்டை நம் வீட்டு அளவுக்குக் குறைக்கிற அதே கருவி, நம் வீட்டு 230 வோல்ட்டை மறுபக்கம் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திவிடும். லைன் உயிரற்றது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அதைத் தொடுகிறார். முறையாகப் பொருத்திய இன்வெர்ட்டர், ஈ.பி. லைனிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்ட பிறகே கரண்ட் தரும். ஆனால் அவசர வயரிங்கில் இன்வெர்ட்டர் லைனும் ஈ.பி. லைனும் ஏதோ ஒரு சுவிட்ச் பாக்ஸுக்குள் கலந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனை அனுப்பிவிடாதீர்கள். மெயினை அணைத்து, இன்வெர்ட்டரில் ஓடக்கூடாத பாயின்ட் எதிலாவது கரண்ட் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லுங்கள். மின்கசிவைக் கண்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முன்னால் மட்டும் இருந்தால், பேட்டரியில் ஓடும்போது கசியும் மின்சாரத்தை அது தடுக்காது.

“மூலையில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்”

டியூபுலர் வகை லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது, குறிப்பாக நிறையும் தருவாயில், உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். காற்றைவிட மிக லேசான வாயு என்பதால் மேலே போய்க் கூரையடியில் தேங்கும். காற்று போய்வருகிற இடத்தில் இது தானாகக் கலைந்துவிடும். மூடிய அலமாரியிலும் பரணிலும் கலையாது. இடம் கிடைக்காமல் பூஜை அறையின் ஓரத்தில் பேட்டரியை வைக்கிற வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: விளக்கும் கற்பூரமும் எரிகிற அறையில் அது இருக்க வேண்டாம். கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

சார்ஜ் ஆகும்போது அழுகிய முட்டை வாடை வந்தாலோ, பேட்டரியின் பக்கம் உப்பியிருந்தாலோ, கை வைக்க முடியாத சூடு இருந்தாலோ, சார்ஜிங்கை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

வெயில் படும் பால்கனியும் கூடாது. லெட்-ஆசிட் பேட்டரி தனக்கு ஏற்ற வெப்பநிலையைவிடத் தொடர்ந்து 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இந்தத் துறையில் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. நம் மே மாதத்துக்கு இது பெரிய விஷயம்.

“தண்ணீர்தானே, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் என்ன?”

ஊற்றக் கூடாது. ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மிதவை காட்டும் மேல்கோடு வரை மட்டும். பேட்டரி வலுவிழந்துவிட்டது என்று ஆசிட் ஊற்றுவது அதைவிடக் கெடுதல். ஆவியாகிப் போனது தண்ணீர்தான், ஆசிட் அல்ல.

“900 என்று போட்டிருக்கிறது, 900 வாட் ஓட்டலாம்”

பெட்டியில் இருக்கும் 900 என்பது வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) கணக்கு. பவர் ஃபேக்டர் 0.8 என்றால் உண்மையில் தாங்குவது 720 வாட். 750 வாட் மிக்ஸிக்கு அதில் இடமில்லை. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் பேச்சே வேண்டாம். பழைய வகை ஃபிரிட்ஜ் ஓடும்போது குறைவாக இழுத்தாலும், கம்ப்ரெஸர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். மூடி வைத்த ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும் என்பதால் வழக்கமான கரண்ட் கட்டுக்கு அதை இன்வெர்ட்டரில் சேர்க்கவே தேவையில்லை.

மணிக்கணக்கிலும் இதே குழப்பம்தான். 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-ஹவர். அந்த 150 என்பதே மெதுவாக, 20 மணி நேரத்தில், 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. வேகமாக எடுத்தால் குறையும். இன்வெர்ட்டரின் இழப்பும் உண்டு, அடிமட்டம் வரை வற்றவிடவும் கூடாது. கைக்கு வருவது 1,200 வாட்-ஹவர் என்று வைத்துக்கொள்வதே நல்லது. 75 வாட் ஃபேன் மூன்று, எல்.இ.டி. விளக்குகள், வைஃபை ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 275 வாட் என்றால் நாலரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். அந்த மூன்று ஃபேனையும் 30 வாட்டில் சுழலும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் லோடு 140 வாட்டாகிறது. அதே பேட்டரி எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும். இரண்டாவது பேட்டரி வாங்க எடுத்து வைத்த பணத்தை ஃபேனுக்குச் செலவழிப்பதே என் தேர்வு. ஆசிட்டும் ஈயமும் வாயுவும் வீட்டுக்குள் இரட்டிப்பாகாமல் நேரம் மட்டும் இரட்டிப்பாகிறது.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல இன்வெர்ட்டர்களில் யூ.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால்தான் கம்ப்யூட்டர் அணைந்துவிடாத வேகத்தில் பேட்டரிக்கு மாறும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேன் முனகும், மோட்டார் சூடாகும். சைன் வேவ்தான் வாங்க வேண்டும். வீட்டில் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர், சி-பேப் போன்ற மூச்சுக் கருவிகள் இருந்தால் கருவி விற்றவரிடம் கேட்காமல் எதிலும் மாட்டாதீர்கள். ரவுட்டருக்கு மட்டும் போதும் என்றால் மினி யூ.பி.எஸ். நல்லது, ரவுட்டர் கேட்பது 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று அடாப்டரைப் பார்த்து வாங்குங்கள்.

“லித்தியம் வெடிக்கும்” அல்லது “லித்தியம் என்றால் கவலையே இல்லை”

எதிரெதிரான இரண்டு நம்பிக்கைகள், இரண்டும் தவறு. லித்தியம் என்பது ஒரே பொருளல்ல, ஒரு குடும்பம். கைப்பேசியிலும் பல மின் ஸ்கூட்டர்களிலும் இருப்பது நிக்கல் அல்லது கோபால்ட் கலந்த வகை. அது அதிகமாகச் சூடேறினால் தன்னிடமிருந்தே ஆக்ஸிஜனை வெளியிட்டுத் தன் தீயை வளர்க்கும். வீட்டு இன்வெர்ட்டருக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்.எஃப்.பி. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜான் குட்இனஃபின் டெக்சாஸ் ஆய்வகத்திலிருந்து 1997இல் வெளியான வகை இது. இதில் ஆக்ஸிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் வெளியேறாது. எரியவே எரியாது என்பதல்ல. எரிய வைப்பது மிகக் கடினம்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? வோல்ட்டேஜைப் பாருங்கள். எல்.எஃப்.பி. செல் ஒன்று 3.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 12.8. லேபிளில் 11.1 அல்லது 14.8 என்றிருந்தால் அது 3.7 வோல்ட் செல்களால் ஆன மற்ற வகை. உள்ளே பி.எம்.எஸ். என்னும் காவல் சர்க்யூட் இருக்கிறதா, இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய செல்களைப் பிரித்தெடுத்து யாரோ அடுக்கிக் கட்டிய மலிவுப் பேட்டரியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பழைய இன்வெர்ட்டரின் சார்ஜர் லெட்-ஆசிட்டுக்கு அளந்து செய்தது. லித்தியம் மோடு இல்லாத பெட்டியில் லித்தியம் பேட்டரியைக் கோக்கக் கூடாது.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜுக்குப் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் இரவில் எரிந்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். எந்த வகைப் பேட்டரியாக இருந்தாலும், வெளியேறுகிற ஒரே வழியில் அதை வைக்காதீர்கள். மின் ஸ்கூட்டரைத் தூங்கும் நேரத்தில் சார்ஜுக்குப் போடாதீர்கள். லித்தியம் பேட்டரியிலிருந்து புகை வந்தால் அணைக்க நிற்காமல் எல்லோரும் வெளியே வந்து 101க்கு அழைக்க வேண்டும். அந்தப் புகை நச்சு.

“பழசை யாருக்குப் போட்டால் என்ன?”

பழைய பேட்டரிக்குள் கிலோ கணக்கில் ஈயம் இருக்கிறது. தெருவோரத்தில் அதை உடைத்து உருக்குகிற இடங்களில் ஈயப்புகை முதலில் கெடுப்பது அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளையை. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. காயலாங்கடைக்காரர் இருநூறு ரூபாய் கூடத் தருகிறார் என்பதற்காக அவரிடம் கொடுக்காதீர்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். புதியது வாங்கும் கடையிலேயே பழையதை ஆசிட்டோடு ஒப்படைத்து, எக்ஸ்சேஞ்ச் தொகையை பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.