கூறைச் சாரியும் யுனிற் நம்பரும்: வீட்டில இருந்து பார்சல் அனுப்பப் பழகின கதை



இந்தக் கிழமை எபிசோட்டில் ஒன்லைன் கடை போடுற மென்பொருட்களைப் பற்றிக் கதைச்சம். ஷொப்பிஃபை எப்பிடித் தொடங்கினது எண்டும் சொன்னம்: 2004இல் ஒட்டாவாவில் ரோபியாஸ் லூற்க ஆக்கள் 'ஸ்னோடெவில்' எண்ட பெயரில் ஸ்னோபோர்ட் விக்கத் தொடங்கிச்சினம். இருந்த மென்பொருள் ஒண்டும் பிடிக்காமல் தாங்களே ஒண்டை எழுதி, 2006இல் அதையே விக்கத் தொடங்கிச்சினம். கேக்க நல்ல கதை. ஆனால் கடை போடுறது ஒரு பின்னேர வேலை. சாமானைப் பெட்டியில் வைச்சு ஒழுங்கா அனுப்பிறதுதான் நான் ரெண்டு வருஷமாப் பழகிக்கொண்டிருக்கிற வேலை. எபிசோட்டில் அதுக்கு நேரம் காணேல்லை. இஞ்ச எழுதிறன்.

வோபர்னில் மார்க்கம் றோட்டும் லோறன்ஸும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட ஒரு அடுக்குமாடியில் அம்மாவும் நானும் இருக்கிறம். பழைய சாரியளைக் குஷன் உறையாத் தைச்சுக் குடுக்கிறது எங்கட வியாபாரம். ஆக்கள் தங்கட அம்மாவின்ர, அம்மம்மாவின்ர சாரியை அனுப்புவினம். அம்மா வெட்டித் தைப்பா. நான் படம் எடுத்து, ஓடர் பார்த்து, பெட்டி கட்டுவன். சாப்பாட்டு மேசைதான் வெயார்ஹவுஸ். அதால சனிக்கிழமையில் நாங்கள் சோபாவில இருந்துதான் சாப்பிடுறது.

முதல் வருஷம் மொன்றியலில் இருந்து ஒரு அக்கா தன்ர அம்மாவின்ர கூறைச் சாரியை அனுப்பினா. அம்மா தவறி ஒரு வருஷம் ஆகப் போகுது, துவசத்துக்கு முதல் மூண்டு சகோதரங்களுக்கும் ஒவ்வொரு உறை வேணும் எண்டா. அம்மா தைச்சு முடிச்சா. நான் உறைகளையும் மிச்சத் துணியையும் ஒரே பெட்டியில் வைச்சன். வாட்ஸப்பில் வந்த விலாசத்தைப் பார்த்துப் பார்த்து ரைப் பண்ணினன். யுனிற் நம்பரை விட்டிட்டன்.

ரெண்டு நாளில் ட்றாக்கிங் 'டெலிவேர்ட்' எண்டு காட்டிச்சு. அக்காவின்ர கையில் ஒண்டும் இல்லை. நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கிற கட்டடம். அவ என்னை ஏசேல்லை. "தம்பி, அவவின்ர உடுப்பெண்டு எங்களிட்ட இருந்தது அது ஒண்டுதான்" எண்டு மட்டும் சொன்னா. நாலாம் நாள் கட்டடத்தைப் பராமரிக்கிறவரின்ர அறையில், ஆற்றையோ பெட்டியளுக்குப் பின்னால, எங்கட பெட்டி இருந்தது. நான் இன்சூரன்ஸ் போட்டிருந்தனான். பெட்டி துலைஞ்சிருந்தால் காசு வந்திருக்கும், கூறை வந்திருக்காது.

பிழை முழுக்க என்னில். அதால விலாசத்திலயே தொடங்கிறன்.

விலாசத்தை ஒரு நாளும் திருப்பி ரைப் பண்ணாதேங்கோ. ஓடர் போடேக்க வாங்கிறவரே நிரப்பினது அப்பிடியே லேபிளுக்குப் போக வேணும். கடை மென்பொருளுக்குக் காசு குடுக்கிறதே இதுக்குத்தான். வாட்ஸப்பில் வந்தால் கொப்பி பண்ணிப் போடுங்கோ. கனடாவில் யுனிற் நம்பரைக் கட்டட நம்பருக்கு முன்னால எழுதி, நடுவில் ஒரு சின்னக் கோடு போடுறது வழக்கம்: 1204-55 எண்டால் 55ஆம் நம்பர் கட்டடத்தில் 1204. போஸ்ரல் கோட்டையும் ஒருக்கா வாசியுங்கோ. ரொறன்ரோ 'எம்'மில் தொடங்கும், எங்கட வோபர்ன் எம்1ஜி. மொன்றியல் 'எச்'. டி, எஃப், ஐ, ஓ, கியூ, யூ எண்ட ஆறு எழுத்தும் கனடா போஸ்ரல் கோட்டில் வாறதே இல்லை. ஆகவே வட்டமா ஒண்டைக் கண்டால் அது பூச்சியம்தான், 'ஓ' இல்லை. பெட்டிக்குள்ளயும் விலாசம் எழுதின ஒரு துண்டு வையுங்கோ. வெளி லேபிள் கிழிஞ்சால் அதுதான் கை குடுக்கும்.

அடுத்தது பெட்டியின்ர அளவு. என்ர காசு கனக்கப் போனது இதிலதான். கூரியர் கம்பனிகள் நிறையை மட்டும் பாக்கிறதில்லை, பெட்டி பிடிக்கிற இடத்தையும் பாக்கும். நீளம், அகலம், உயரம் மூண்டையும் சென்ரிமீற்றரில் பெருக்கி ஒரு எண்ணால பிரிப்பினம். பொதுவாப் புழங்கிற எண் 5000. நீங்கள் பாவிக்கிற கம்பனியின்ர எண்ணைத் தேடிப் பாருங்கோ. வாற விடை கிலோ. அதுவும் உண்மையான நிறையும் ரெண்டில் எது கூடவோ, அதுக்குத்தான் காசு.

தொடக்கத்தில் நாங்கள் பஞ்சு அடைச்ச குஷனாவே அனுப்பினம். 45 × 45 × 15 பெட்டி: 30,375. அதை 5000ஆல பிரிச்சால் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. தராசில் வைச்சால் ஒரு கிலோகூட இல்லை. அஞ்சு கிலோ காத்தை அனுப்பக் காசு கட்டியிருக்கிறம்! இப்ப உறையை மட்டும் மடிச்சு 30 × 25 × 3இல் அனுப்பிறம். அது அரைக் கிலோவுக்கும் கீழ. பஞ்சை அவையவை கடையில் வாங்கலாம்.

லேபிளைக் கவுண்டரில் வாங்காமல் ஒன்லைனில் வாங்குங்கோ. கனடா போஸ்றில் சிறு வியாபாரக் கணக்குத் திறக்கக் காசில்லை, கவுண்டர் விலையிலயும் குறையும். சாதாரண லெற்றர்மெயில் மலிவுதான், ஆனால் அதுக்கு ட்றாக்கிங் இல்லை. திருப்பி வாங்கேலாத சாமானை அதில் போடாதேங்கோ.

விலை போடேக்கயும் ஷிப்பிங்கை மறக்காதேங்கோ. எற்சியில் 45 டொலர் உறை, 15 டொலர் ஷிப்பிங் எண்டால், அவையின்ர 6.5 வீதம் 60 டொலருக்கும் சேர்த்துத்தான், 3.90. லிஸ்ற் பண்ணுற காசும் கார்ட் காசும் அதுக்கு மேல. பெட்டி, ரேப், என்ர அரை மணித்தியாலம் எல்லாத்தையும் ஒருக்கா எழுதிப் பாத்தன். அம்மாவின்ர கூலி மணிக்கு நாலு டொலர் எண்டு வந்தது. அண்டைக்கே விலையைக் கூட்டினன். அம்மாதான் "ஆர் வாங்குவினம்" எண்டு பயந்தா. வாங்கிச்சினம்.

2024 நவம்பர் 15இல் கனடா போஸ்றில் கிட்டத்தட்ட 55,000 பேர் வேலைநிறுத்தம் செய்யத் தொடங்கி, டிசம்பர் 17இல்தான் திரும்ப வேலைக்குப் போச்சினம். வருஷத்தில் ஆகக் கூட விக்கிற மாசம் அது. அப்ப என்னட்ட ஒரு வழிதான் இருந்தது. கட்டி வைச்ச பெட்டியளோட முழிச்சுக்கொண்டு இருந்தன். அவையின்ர சம்பளப் பிரச்சினையைப் பற்றி எங்கட வீட்டிலயே ரெண்டு கருத்து, அதை விடுங்கோ. ஆனால் இன்னொரு கூரியரில் கணக்குத் திறக்கிறது பத்து நிமிச வேலை, அதை அந்தரத்தில் செய்யாமல் இப்பவே செய்து வையுங்கோ.

அமெரிக்காவுக்கு அனுப்பிறது மாறிப்போச்சு. முந்தி 800 அமெரிக்க டொலருக்கு உட்பட்ட பார்சலுக்கு அங்க வரி இல்லை. 2025 ஆகஸ்ட் 29இல் அந்தச் சலுகையை எல்லா நாட்டுக்கும் நிப்பாட்டிச்சினம். இப்ப துணி எந்த நாட்டில நெய்தது எண்டும் பாப்பினம். இந்தியாவில் நெய்த சாரி, வோபர்னில் தைச்சபடியால் மட்டும் கனடாச் சாமானாகிவிடாது. நியூ ஜேர்சி மச்சாளுக்கும் வரிக் கணக்குப் பாத்துத்தான் விலை சொல்லுறன்.

வரியைச் சுருக்கமாச் சொல்லிறன். அடுத்தடுத்த நாலு காலாண்டில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டும்வரை எச்எஸ்ரிக்குப் பதியத் தேவையில்லை. பதிஞ்சால், சாமான் போற மாகாணத்தின்ர வீதம்: ஒன்ராறியோவுக்கு 13, அல்பேர்ட்டாவுக்கு 5. கன பேர் பிழையா விளங்கிற இடம் இது: 30,000க்குக் கீழ எண்டாலும் லாபத்தை வருமான வரியில் காட்டத்தான் வேணும். சொந்தப் பெயர் இல்லாமல் வேற பெயரில் நடத்தினால் ஒன்ராறியோவில் அந்தப் பெயரைப் பதிய வேணும். ஒன்லைனில் 60 டொலர், அஞ்சு வருஷத்துக்குச் செல்லும்.

மொன்றியல் அக்காவின்ர பெட்டிக்குப் பிறகு அம்மா ஒரு வழக்கம் கொண்டுவந்தா. எந்தச் சாரியும் முழுசா ஒரே பெட்டியில் போகாது. அஞ்சரை மீற்றரில் உறைகளுக்குப் போனது போக மிஞ்சிற துணியை, முந்தானையோட, அலுமாரியில் வைச்சிருப்பா. "கிடைச்சிட்டுது" எண்டு படம் வந்த பிறகுதான் அது ரெண்டாவது பார்சலாப் போகும். ரெண்டு லேபிள் காசு. அதை விலைக்குள்ள போட்டிட்டம். இப்ப அலுமாரியில் நாலு முந்தானை இருக்கு, ஒவ்வொண்டிலயும் ஊசியால குத்தின துண்டில் பெயரும் யுனிற் நம்பரும்.