மழைக்கும் வெயிலுக்கும் ஒரே டயர்

கேள்வி: என் டர்போ ஹேட்ச்பேக் காருக்கு நான்கு டயர்களும் மாற்ற வேண்டும். காய்ந்த சாலையில் வளைவுகளில் நல்ல பிடிமானம் வேண்டும். மழையிலும் வழுக்கக் கூடாது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், கோவை

பதில்: சிலிக்கா கலந்த ரப்பரும், உள்பக்கமும் வெளிப்பக்கமும் வேறுபட்ட ட்ரெட்டும் உள்ள டயரைத் தேர்ந்தெடுங்கள். வெளிப்பக்கத்தின் பெரிய கட்டங்கள் வளைவுகளில் காரைத் தாங்கும். ஆழமான நீள்பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றும். மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 இந்த வகை. ரேஸ் டிராக்குக்கான செமி ஸ்லிக் வேண்டாம். பள்ளங்கள் குறைவு என்பதால் தேங்கிய நீரில் கார் மிதக்கும்.

பக்கச்சுவரில் 'ட்ராக்‌ஷன்' தரம் இருந்தால் பாருங்கள். அது ஈரத்தரையில் நேராக பிரேக் பிடிக்கும் திறனைச் சொல்கிறது; 'ஏஏ' மிக உயர்ந்தது, அடுத்தது 'ஏ'. வேகக் குறியீடும் சுமைக் குறியீடும் கார் நிறுவனம் சொன்னதைவிடக் குறையக் கூடாது. பக்கச்சுவரில் 'DOT' எனத் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பழைய ஸ்டாக்கை மறுத்துவிடுங்கள்.

அகலத்தைத் தேவையின்றிக் கூட்டாதீர்கள். அகலமான டயர் தண்ணீரில் எளிதில் மிதக்கும்.

சட்டப்படி ட்ரெட் ஆழம் 1.6 மி.மீ. இருந்தால் போதும். ஆனால் மழைப் பிடிமானம் அதற்கு முன்பே வெகுவாகக் குறைந்துவிடும்; 3 மி.மீ.-இலேயே மாற்றுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது மாதம் ஒருமுறை காற்றழுத்தம் பாருங்கள். எவ்வளவு நல்ல டயரானாலும், மழையில் வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் வண்டியிடமிருந்து இடைவெளி விடுங்கள்.