கூரை வளைந்தால் ஒலி எங்கே போகும்?

வீட்டில் டிவியைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் வைத்தால் போதும், தியேட்டர் மாதிரி கேட்கும். அதே செட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கோளரங்கத்துக்குள் வைத்தால்? சொதப்பும். ஏன் என்பதுதான் இந்த மாதப் பாடம். டிசம்பர் முகாமில் பிள்ளைகளுக்காகக் காற்றடைத்த கோளரங்கக் கூடாரம் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறோம். ஒலி வேலை நம்ம இளைஞர் பிரிவு தலையில்தான். அதனால் இதைச் சும்மா பொது அறிவுன்னு நினைச்சு புரட்டிவிடாதீர்கள்.

தட்டையான சுவரில் பட்ட ஒலி திரும்பும்போதும் விரிந்துகொண்டே போகும். போகப் போக வலு குறையும். குழிந்த பரப்பு அப்படி விடாது, குவித்துத் தரும். குவிமாடத்தின் மையத்தில் கைதட்டினால், மேலே எல்லாத் திசையிலும் போன ஒலி ஒரே நேரத்தில் மையத்துக்கே திரும்பி வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூர் அறிவியல் நிலையத்தின் ஓம்னி தியேட்டர் குவிமாடத்துக்கு விட்டம் 23 மீட்டர். அதே அளவில் சிமெண்டால் ஒன்று கட்டினால், மையத்திலிருந்து கூரைக்குப் போய்வர ஒலிக்கு 23 மீட்டர் தூரம். வினாடிக்கு 343 மீட்டர் வேகம் என்றால் சுமார் 67 மில்லிவினாடி. பேச்சில் ஏறத்தாழ 50 மில்லிவினாடியைத் தாண்டி வரும் பலமான எதிரொலியைக் காது தனி ஒலியாகவே பிரித்துக் கேட்கும். ஒரு சொல் முடிவதற்குள் அதன் நிழல் அடுத்த சொல்மேல் விழும்.

கர்நாடகத்தின் பீஜப்பூரில் உள்ள கோல் கும்பஸுக்கு மக்கள் இதை அனுபவிக்கவே போகிறார்கள். அங்கே மாடத்தில் நின்று கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் கேட்கும். வேடிக்கைக்குச் சரி. ஆனால் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கச்சேரி கேட்க வந்தவர்களுக்கு அது தலைவலி. 1871-இல் திறந்த அந்த மண்டபத்தின் எதிரொலியை அடக்க, 1969-இல்தான் கூரையிலிருந்து காளான் வடிவத் தட்டுகளைத் தொங்கவிட்டார்கள்.

கோளரங்கத்தில் அப்படித் தொங்கவிட முடியாது, படத்தை மறைக்கும். அதனால் திரையையே சின்னச் சின்னத் துளையிட்ட அலுமினியத் தகட்டால் செய்கிறார்கள். ஒலியின் ஒரு பகுதி துளை வழியாகப் போய், பின்னால் உள்ள உறிஞ்சு பொருளில் அடங்கிவிடும். ஸ்பீக்கர்களும் திரைக்குப் பின்னால்தான்.

அடுத்தது திசை. 5.1 முறை எல்லாரும் ஒரே பக்கம் பார்ப்பதாக நினைத்து அமைத்தது: முன்னால் மூன்று, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு. தலைக்கு மேல் ஒன்றுமில்லை. குவிமாடத்தில் பிள்ளைகள் மல்லாந்து படுத்திருப்பார்கள், ஆளுக்கொரு பக்கம் தலை. இதற்கு மைக்கேல் கெர்சன் 1970-களில் வளர்த்த ஆம்பிசோனிக்ஸ் முறை பொருந்தும். எந்த ஸ்பீக்கரில் வரணும் என்று அது பதிவதில்லை. எந்தத் திசையிலிருந்து வரணும் என்று பதிகிறது. முதல் படிக்கு 4 சேனல், இரண்டாம் படிக்கு 9, மூன்றாம் படிக்கு 16. நம்மிடம் எத்தனை ஸ்பீக்கர், எங்கே இருக்கிறது என்று கொடுத்தால் மென்பொருள் பிரித்துக் கொடுக்கும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் உருவான ஐஇஎம் பிளக்-இன் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது.

இனி நம்ம கூடாரம். விட்டம் 6 மீட்டர்தான். மேலே போய்வர 17 மில்லிவினாடி, அதனால் தனி எதிரொலி கேட்காது. பதிலாக, மையத்துக்குப் பக்கத்தில் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவது மாதிரி மாறும். நல்லவேளை, அந்த இடத்தில் புரொஜெக்டர் உட்கார்ந்துவிடும். பிள்ளைகளைச் சுற்றி வட்டமாகப் படுக்க வையுங்கள்.

நான்கு ஸ்பீக்கர், நான்கு ஸ்டாண்டு. மையத்திலிருந்து எல்லாம் ஒரே தூரத்தில் இருக்கட்டும். நுழைவாசல் இடிக்கிறது என்று ஒன்றை 1 மீட்டர் உள்ளே தள்ள வேண்டி வந்தால், அதற்கு மட்டும் சுமார் 3 மில்லிவினாடி தாமதம் கொடுத்து, சத்தத்தையும் கொஞ்சம் குறையுங்கள். இல்லையென்றால் எல்லா ஒலியும் அந்தப் பக்கமே இழுக்கும். ஸ்பீக்கர் முகத்தைப் பிள்ளைகள் பக்கம் கீழே சாய்த்து வையுங்கள். கூரையைப் பார்த்து வைத்தால் வளைவுக்கு நாமே தீனி போடுகிறோம். தரையில் பாய் மட்டும் போதாது, கம்பளமும் விரிக்கணும். சப்வூஃபர் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. அவ்வளவு தாழ்ந்த ஒலியின் திசை காதுக்குச் சரியாகப் பிடிபடாது.

கூடாரத்துக்குக் காற்றடிக்கும் விசிறி நிற்காமல் இரையும். நீளமான குழாய் கேட்டு வாங்கி, அதைத் தள்ளி வையுங்கள்.

கேட்கலைன்னா உடனே வால்யூமை ஏற்றுவது நம்ம ஆட்களின் பழக்கம். இங்கே அது உதவாது. நேர் ஒலி எவ்வளவு ஏறுதோ, திரும்பி வரும் ஒலியும் அவ்வளவே ஏறும். கதை சொல்லும் குரலை நான்கிலும் விடாமல் ஒரே ஸ்பீக்கரில் விடுங்கள், இசையும் விண்கல் சத்தமும் சுற்றட்டும். சோதிக்கும்போது மிக்ஸர் பக்கத்தில் நிற்காமல், குரல் வரும் ஸ்பீக்கருக்கு நேர் எதிர் ஓரத்தில் பாயில் படுத்துக் கேளுங்கள். ஏழு வயசுப் பிள்ளைக்கு அங்கே தமிழ் புரியணும். புரியலைன்னா முதலில் இசையை இறக்குங்கள்.