தீர்மானத்திலிருந்து தொழிற்சாலை வரை

நுழையும்முன்

ஒரு கட்சியின் மாநாட்டில் நிறைவேறும் தீர்மானம், பல ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஊரின் வயலையும் வாழ்வையும் மாற்றக்கூடும். அம்மாற்றத்தில் தலைவர்களின் பங்கு யாது? அதனை எவ்வாறு மதிப்பிடுவது? திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தை முன்வைத்து, இந்திய தேசிய காங்கிரசின் தலைவர் பொறுப்பை வகித்த நால்வரின் கொள்கைகளை ஆராய்கிறது இப்பாடம்.

ஏரிகளின் நடுவே ஆலைகள்

காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகளால் வாழ்ந்த நிலப்பகுதி. இராமானுசர் பிறந்த ஊராகிய திருப்பெரும்புதூர், நெடுங்காலம் கோயிலாலும் வேளாண்மையாலும் அறியப்பட்டது. இன்று அங்கு விடியும் முன்பே ஆலைப் பேருந்துகள் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு விரைகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்துகளும் ஒரகடத்தில் சரக்குந்துகளும் உருவாகின்றன. இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. ஒருவரால் மட்டும் நிகழ்ந்ததுமன்று.

ஆவடி மாநாடு

1955 சனவரியில், இவ்வட்டாரத்துக்கு அண்மையிலுள்ள ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடியது. சௌராட்டிர மாநில முதலமைச்சராக இருந்த உ. ந. தேபர் அதற்குத் தலைமை வகித்தார். சமதர்ம பாணியிலான சமுதாயத்தை அமைப்பதே நாட்டின் இலக்கு என்று அம்மாநாடு தீர்மானித்தது. 1956ஆம் ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானத்திலும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திலும் அவ்விலக்கு இடம்பெற்றது. அடிப்படைத் தொழில்களை அரசே முன்னின்று நடத்தும் நிலை வலுப்பெற்றது. கட்சித் தலைவர் திசையைக் காட்டலாம். அத்திசையில் நாட்டை நடத்துவது அரசின் பணி. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால்தான் தலைவர்களின் சாதனையைச் சரியாக எடைபோட முடியும்.

பள்ளியும் பட்டறையும்

காமராசர் 1940 முதல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவராக விளங்கினார். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராகவும் 1964 முதல் அகில இந்தியக் காங்கிரசின் தலைவராகவும் பணியாற்றினார். பள்ளிகளைப் பெருக்கியதும், 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியதும் அவருடைய ஆட்சியின் அருஞ்செயல்கள். பசித்த குழந்தையின் காதில் பாடம் ஏறாது என்பதை உணர்ந்த கொள்கை அது.

கல்விக்கு இணையாகத் தொழிலும் வளர்ந்தது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை உருவாயிற்று. நிலம், கட்டடம், மின்சாரம், சாலை ஆகியவற்றை அரசு ஓரிடத்தில் அமைத்துத் தர, சிறுமுதலீட்டாளர்கள் பட்டறைகளைத் தொடங்கினர். அக்காலத்தில் தொழில்துறைப் பொறுப்பை ஏற்றிருந்த ஆர். வெங்கட்ராமனின் உழைப்பும் இதில் அடங்கும். எழுதப் படிக்கத் தெரிந்த தலைமுறையும், உதிரிபாகம் செய்யத் தெரிந்த பட்டறைகளும் சென்னையைச் சுற்றி முன்பே இருந்தமையால்தான், பின்னாளில் வந்த பேராலைகளுக்கு இவ்வட்டாரம் ஏற்ற நிலமாயிற்று.

தெரிந்து தெளிவோம்

> தொழிற்பேட்டை முறையைப் பெரிய அளவில் விரிவாக்க, 1971இல் தி.மு.க. ஆட்சிக்காலத்தில் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய தொழிற்பூங்காக்கள் அதன் வழியாக உருவானவை. ஒரு கட்சியின் ஆட்சி இட்ட அடித்தளத்தின்மேல் மற்றொரு கட்சியின் ஆட்சி கட்டுவதே தமிழகத் தொழில் வரலாற்றின் இயல்பு.

வாக்கும் தொலைபேசியும்

இராசீவ் காந்தி 1985 முதல் 1991 வரை கட்சித் தலைவராக இருந்தார். அவர் தலைமை அமைச்சராக இருந்தபோது, தொலைத்தொடர்புக்கும் கணினிக்கும் முதன்மை தரப்பட்டது. அரசமைப்பின் 61ஆவது திருத்தத்தால், வாக்களிக்கும் வயது 1989இல் 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. உள்ளாட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி அளிக்க அவர் 1989இல் கொண்டுவந்த வரைவு, மாநிலங்களவையில் தோல்வியுற்றது. ஆயினும் அக்கருத்து மறையவில்லை. 73ஆவது திருத்தமாக 1993இல் நடைமுறைக்கு வந்தது. தோல்வியுற்ற ஒரு முயற்சியும் பிறகு வெற்றிக்கு விதையாகலாம் என்பதற்கு இது சான்று. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் அவர் படுகொலை செய்யப்பட்டார். ஆலைகள் சூழ்ந்த அவ்வூரில் அவருடைய நினைவிடம் அமைந்துள்ளது.

திறந்த வாயில்

அதே ஆண்டில் கட்சித் தலைமையையும் ஆட்சிப் பொறுப்பையும் பி. வி. நரசிம்மராவ் ஏற்றார். 1991 சூலை 24 அன்று வெளியான புதிய தொழிற்கொள்கை, பெரும்பாலான தொழில்களுக்கு இருந்த உரிமக் கட்டுப்பாட்டை நீக்கியது. அயல்நாட்டு முதலீட்டுக்கும் வழிவிட்டது. ஆவடியில் வகுத்த பாதையிலிருந்து அதே கட்சி விலகிய தருணம் அது.

அதன் பயனை இவ்வட்டாரத்தில் கண்கூடாகக் காணலாம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் மகிழுந்து வெளிவந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ – நிசான் ஆலையும் 2012இல் டெய்ம்லர் ஆலையும் திறக்கப்பட்டன. 1955இல் திருவொற்றியூரில் பணியைத் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனமும் 2013இல் ஒரகடத்துக்கு விரிந்தது.

அளவுகோல் எது?

கொள்கையின் வெற்றியை ஆலைகளின் எண்ணிக்கை மட்டும் காட்டிவிடாது. திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014இல் மூடப்பட்டது. இளம்பெண்கள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். முதலீட்டுக்கு வாயில் திறப்பது ஒரு கொள்கை. அம்முதலீடு வெளியேறும்போது தொழிலாளியைக் காப்பது மற்றொரு கொள்கை. நிலம் தந்த உழவர், ஒப்பந்தக் கூலியில் உழைப்போர், ஏரிகளின் நீர் ஆகிய மூன்றையும் கணக்கில் சேர்க்காத மதிப்பீடு நிறைவுறாது.

ஆகவே, ஒரு தலைவரின் சாதனையைக் கேட்கும்போது நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். அவர் அதனை எந்தப் பொறுப்பிலிருந்து செய்தார்? அதற்கு யாரெல்லாம் துணைநின்றனர்? பயன் யாரைச் சென்றடைந்தது? அதன் விலையை யார் கொடுத்தனர்? இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வாக்காளராகப்போகும் மாணவர்களுக்கு, புகழுரையையும் பழிச்சொல்லையும் கடந்து உண்மையை அறிய இவ்வினாக்கள் துணைசெய்யும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தொழிற்பேட்டை அல்லது ஆலையின் வரலாற்றை முதியோரிடம் கேட்டறிந்து தொகுக்க.
2. ‘வளர்ச்சியின் விலை’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

*குறுவினா:* ஆவடி மாநாட்டின் தீர்மானம் யாது?

*சிறுவினா:* தோல்வியுற்ற முயற்சியும் வெற்றிக்கு விதையாகலாம் என்பதை உள்ளாட்சித் திருத்தத்தின்வழி விளக்குக.

*நெடுவினா:* ஒரு தலைவரின் சாதனையை மதிப்பிடப் பாடம் கூறும் நான்கு வினாக்களை, இவ்வட்டாரத்தின் வரலாற்றோடு பொருத்திக் கட்டுரைக்க.